இடது காலுக்கு வேலை இல்லாத கார்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கேட்டீர்களானால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள். காரில் கிளட்ச் திருட்டுப் போய்விட்டது என்று முதலாளியிடம் ஓடிப்போய்ப் புகார் சொன்ன டிரைவர் நான்தான்.

டயர் திருட்டுப் போவதுண்டு. பேட்டரி போவதுண்டு. கிளட்ச் மிதியை மட்டும் தழும்பு தெரியாமல் கழற்றிக்கொண்டு, அது இருந்த இடத்தில் மெத்தென்று ஒரு விரிப்பையும் போட்டுவிட்டுப் போகிற திருடன் இருப்பானா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பருத்திப் பொதி லாரியை ஏழு வருஷம் ஓட்டியவன் யோசிக்க மாட்டான். ஹாரன் அடிப்பான்.

"முதலாளி, போலீசுக்குச் சொல்லணும். கப்பல்ல வரும்போதே எவனோ கிளட்சக் கழட்டிட்டான். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மட்டுந்தான் கெடக்கு."

முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருட்டுப் போவலவே. அது பொறந்ததே அப்படித்தான்."

அது ஐம்பதுகளின் பின்பாதி. முதலாளிக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. நாலு தலைமுறையாக எங்கள் ஊரில் வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். அவருடைய மனைவி பிறந்து வளர்ந்தது கொழும்பில். கல்யாணத்துக்குப் பிறகும், தகப்பனார் படுக்கையில் கிடந்த மூன்று வருஷம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, அவர் காலமான பிறகுதான் கோவில்பட்டிக்குத் திரும்பியிருந்தார். கொழும்புக் கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். அந்தத் தம்பி, அக்காவுக்கு என்று தான் வைத்திருந்த அமெரிக்கக் காரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். பச்சையும் வெள்ளையுமாக அப்படி ஒரு நீளம். எங்கள் தெரு முக்கில் திரும்பும்போது மூக்கு ஒரு தெருவிலும் வால் இன்னொரு தெருவிலும் இருக்கும்.

மறுநாள் முதலாளி அதை ஓட்டிப் பார்த்தார். கடைக் கேட்டில் ஒரு கதவு பெயர்ந்து விழுந்தது. "கியரே இல்லாத வண்டியை என் தலையில கட்டிட்டான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினார். மைத்துனருக்கு அந்தச் சொல் தைத்துவிட்டது. அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் தூத்துக்குடிக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை அவருக்குக் கொழும்புக் கப்பல். போக வரக் காகிதம், கையெழுத்து என்று கெடுபிடி தொடங்கியிருந்த சமயம். இனிமேல் எப்போது வருவார், வருவாரா என்பதே தெரியாது.

அந்த அம்மா கணவரிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்களாம்.

"பஸ்லயும் போவ மாட்டேன், ரயில்லயும் போவ மாட்டேன். அவன் தந்த கார்ல போயி எறங்கி அவன வழியனுப்பணும். இல்லன்னா, நான் கொடுத்தது குப்பைக்குப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேதான் அவன் கப்பல் ஏறுவான்."

அதற்குப் பிறகு வீட்டில் முதலாளிக்கு வந்த சோற்றில் உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்தால் இருந்திருக்காது என்றுதான் தோன்றியது. நாலு டிரைவர்களைக் கேட்டு, நாலு பேரும் காரைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டுப் போன பிறகு என்னிடம் வந்தார்.

"எந்த வண்டின்னாலும் ஓட்டுவீராவே?"

"சக்கரம் இருந்தாப் போதும் முதலாளி."

சக்கரம் இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்குள் ஐந்து எழுத்து, ஒரு சிவப்பு முள். ஸ்டியரிங் தண்டில் ஒரு கம்பி. அதை அசைத்தால் முள் நகரும். பி, என், டி, எல், ஆர். எனக்கு இங்கிலீஷ் எழுத்து லாரி நம்பர் பலகை வாசிக்கிற அளவுக்குத் தெரியும். அர்த்தம் கேட்கக் கூடாது. ஆனாலும் கிளட்ச் விஷயத்தில் மானம் போயிருந்ததால், இதையும் போய்க் கேட்க வெட்கப்பட்டு, அர்த்தத்தை நானே கண்டுபிடித்தேன். பி என்றால் 'போ'. என் என்றால் 'நில்'. டி என்றால் 'டிரைவர்', ஏதோ எனக்கு மரியாதைக்காகப் போட்டிருக்கிறான். எல் என்றால் 'லெஃப்ட்'. ஆர் என்றால் என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ரைட்!

முள்ளைப் 'போ'வில் வைத்து மிதித்தேன். இஞ்சின் உறுமியதே தவிர வண்டி போகவில்லை. சரி, கம்பெனிக்காரனுக்குத் தமிழ் தெரியாது போல என்று ஆருக்கு மாற்றினேன். எங்கள் பக்கத்தில் பஸ்ஸோ லாரியோ 'ரைட்' என்ற சொல்லுக்குத்தான் நகரும். இரண்டு வருஷம் கிளீனராக இருந்தபோது தகரத்தைத் தட்டி நானே ஆயிரம் தடவை ரைட் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டு முன்னால் போகாத வண்டியை நான் பார்த்ததில்லை.

பார்த்தேன். கார் பின்னால் பாய்ந்தது. பின்னால் ஆள் உயரத்துக்குச் சம்பா வத்தல் குவித்திருந்தார்கள். அந்தச் சிவப்பு மலைக்குள் கார் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றது. நின்ற பிறகும் நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற வத்தல் பொடிந்து கிளம்பியது பாருங்கள், ஒரு நெடி! முதலாளி, குமாஸ்தா, காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள், தெருவில் சும்மா போய்க்கொண்டிருந்த ஒரு எருமை, எல்லாரும் தும்மினார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருவராலும் என்னைத் திட்ட முடியவில்லை. அது ஆண்டவன் எனக்குச் செய்த உபகாரம்.

"ரைட்டுன்னா... ஹச்... பின்னாலயாவே... ஹச்... போவும்?" என்றார் முதலாளி.

கடையை ஒட்டியிருந்த வீட்டுச் சன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இருமலும் சிரிப்புமாகக் கேட்டது.

"ஆர்னா ரைட் இல்ல, ரிவர்ஸ். பின்னால போறது. டியில போட்டாத்தான் முன்னால போவும்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து எனக்குப் பாடம் தொடங்கியது. காரின் பின்சீட்டுச் சன்னல்களுக்கும், முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவிலும் முதலாளி வெள்ளைத் திரை தைத்துப் போட்டிருந்தார். அந்த அம்மா திரைக்குப் பின்னால். நான் ஸ்டியரிங்கில். அந்நிய ஆணிடம் அவர்கள் நேராகப் பேசுவதில்லை என்பதால், முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேச்சைக் கடத்துவார்.

"பிரேக்க மிதிச்சிக்கிட்டே டிக்கு மாத்தச் சொல்லுங்க."

"பிரேக்க மிதிச்சிக்கிட்டே டிக்கு மாத்தும்வே."

"சரி முதலாளி."

"சரிங்கான்."

"இடது கால எடுத்து ஓரமா வைக்கச் சொல்லுங்க. அதுக்கு இங்கன சோலி கெடையாது."

"இடது கால ஓரமா வையும்."

"கேட்டுச்சு முதலாளி."

"கேட்டுச்சாம்."

எனக்குக் கேட்டது, காலுக்குக் கேட்கவில்லை. வண்டி வேகம் பிடித்ததும் ஏழு வருஷப் பழக்கத்தில் இடது கால் பாய்ந்து போய் கிளட்சை மிதித்தது. கிளட்ச் இல்லாத அந்த இடத்துக்கு, பலகை மாதிரி அகலமான பிரேக் மிதி பாதி நீட்டிக்கொண்டிருந்தது. கார் முளையில் கட்டின மாடு மாதிரி நின்றது. முதலாளியின் தொப்பி கண்ணாடியில் போய் ஒட்டியது. நெற்றியும் கூடவே போயிற்று.

"அம்மா என்ன சொல்லுதாக முதலாளி?" என்று கேட்டேன்.

"அவ ஒண்ணுஞ் சொல்லல. நான் சொல்லுதேன்" என்றார். அவர் சொன்னதை அச்சில் போட மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, இடது காலைச் சம்மணம் மாதிரி மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எட்டயபுரம் ரோட்டில் வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், ஒரு மரம் இல்லாமல் வானம் தொடுகிற வரை கறுப்பாகக் கிடந்தது. வேகம் ஏறியது. இஞ்சின் சத்தமும் ஏறியது. லாரியாக இருந்தால் இந்த இடத்தில் கிளட்சை மிதித்து, கம்பியை இழுத்து, விட்டு, மறுபடி மிதித்து, தோள்பட்டை கழன்று விழ அடுத்த கியரைக் குத்தியிருக்க வேண்டும். கை தன்னால் எழுந்துவிட்டது.

அதற்குள் வண்டிக்கு உள்ளே எங்கேயோ யாரோ மூச்சை விட்டது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். சத்தம் தணிந்தது. கார் எண்ணெயில் வழுக்கின மாதிரி முன்னே போனது. என் கை அந்தரத்தில் நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, ரோட்டில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தேன்.

"என்னவே தேடுதீரு?"

"கியர் போடுதவரத் தேடுதேன் முதலாளி."

திரைக்குப் பின்னால் அந்த அம்மா சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னதை, முதலாளி வழக்கத்துக்கு மாறாக ஒரு சொல் குறையாமல் எனக்குக் கடத்தினார். வண்டிதானே கியரை மாற்றுகிறது என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. அது மாற்றப் போகிறது என்பது சத்தத்தில் தெரியும். அப்போது மிதியை ஒரு நூல் தளர்த்திக் கொடுத்தால் அதுவும் குலுக்காமல் மாற்றும். டியிலிருந்து ஆருக்குப் போகும்போது சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். சேற்றுக்கும் ஏற்றத்துக்கும் எல். எந்த எழுத்துக்கு மாற்றினாலும், முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் வர வேண்டும், பிறகுதான் கை போக வேண்டும்.

கால் வந்த பிறகு கை. காலும் கையும் ஒன்றாகப் பாய்வதையே தொழில் என்று வைத்திருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது லாரிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின இரவு முழுவதும் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு, விடியும்போது ஒன்றும் தெரியாதது மாதிரி வெயில் அடித்தது. தூத்துக்குடியில் பெரிய கப்பல் தூரத்துக் கடலில் நிற்கும். கரையிலிருந்து லாஞ்ச்சில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். நாலு மணிக்குக் கடைசி லாஞ்ச். நாங்கள் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டோம். எட்டயபுரம் தாண்டுகிற வரைக்கும் நான் ராஜாவாக ஓட்டினேன்.

எப்போதும்வென்றானுக்கு இரண்டு மைல் இருக்கும்போது, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்துப் புஞ்சையில் உழவு செய்கிற ஒரு சம்சாரி நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார்.

"தரைப்பாலத்துல இடுப்பளவு தண்ணி போவுது அண்ணாச்சி. இந்த வண்டித்தடத்துல எறங்கிச் சுத்திப் போங்க. பைய போங்க, மண்ணு பொல்லாதது."

அவர் பைய என்று சொன்னதைக் கேட்டேன். கேட்டுவிட்டு வேகமாக இறக்கினேன். சேற்றை ஒரே பாய்ச்சலில் கடந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். நனைந்த கரிசல் பாய்ச்சலுக்கெல்லாம் மசியாது. காலை வைத்தால் செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்ளும். இழுத்தால் காலையும் கேட்கும். நூறு கஜம் போனதும் கார் நின்றது. நான் டியில் வைத்து ஒரே மிதியாக மிதித்தேன். சக்கரம் சுற்றியது, கறுப்புச் சேறு வாரி அடித்தது, வண்டி முன்னே போவதற்குப் பதில் கீழே போனது. பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்த பிறகுதான் காலை எடுத்தேன்.

அந்த ஊருக்குப் பேர் எப்போதும்வென்றான். நான் அங்கே ஒரு தடவைகூட வென்றதில்லை.

"மாடு கட்டி இழுத்துரலாம். ஆனா மாடு அங்கன தோட்டத்துல கெடக்கு. ஓட்டிட்டு வர ஒண்ணர மணி நேரம் ஆவுமே" என்றார் சம்சாரி.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றேமுக்கால். மாடு வந்து, இழுத்து, மறுபடி ரோடு ஏறித் தூத்துக்குடி போய்ச் சேர ஐந்து மணி ஆகிவிடும். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

திரை விலகியது.

"டிரைவரே, எறங்குங்க."

என்னிடம் அவர்கள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நடந்தே போகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வழிவிட்டேன். அவர்கள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கினார்கள். செருப்பு இரண்டும் மண்ணோடு போயிற்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றி வந்து என் இடத்தில் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டார்கள்.

"ஏ, என்ன செய்யுத?" என்றார் முதலாளி.

"வண்டிய எடுக்கேன்."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"வாப்பாவ மூணு வருசம் ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனான்னு நெனச்சீங்க? தம்பிக்கு இந்த வண்டிய யாரு சொல்லிக் கொடுத்தான்னு நெனச்சீங்க?"

முதலாளி கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"தள்ளட்டுமாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் தள்ள வேண்டாம். பருத்திமாரு கெடந்தா ஒடிச்சிட்டு வந்து சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் போடுங்க. போட்டுட்டு ஒதுங்கி நில்லுங்க."

வரப்பில் கிடந்த காய்ந்த பருத்திச் செடியை மூன்று பேரும் அள்ளிக்கொண்டு வந்து போட்டோம். அப்புறம் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

எல்லில் வைத்து, மிதியைத் தொட்டார்கள். மிதிக்கவில்லை, தொட்டார்கள். கார் ஒரு சாண் முன்னே வந்தது, முக்கியது. காலை எடுத்துவிட்டார்கள். அது பள்ளத்துக்குள் பின்னே சரிந்தது. சரிந்து, இனி நிற்கப் போகிறது என்கிற அந்த இடத்தில் கம்பி ஒரு படி இறங்கியது. ஆர். மறுபடி ஒரு தொடுதல். ஒன்றரைச் சாண் பின்னே. கால் வந்தது, கை போயிற்று. எல். இரண்டு சாண். ஆர். அந்த வண்டியில் எல்லும் ஆரும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இஞ்சின் ஒரு தடவைகூட உறுமவில்லை. இரண்டு டன் இரும்பு, ஊஞ்சலில் வைத்த மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பள்ளம் அகலமாகிக்கொண்டே வந்தது. அவர்கள் முகத்தில் அவசரம் என்பதே இல்லை. நாலு மணிக்கு லாஞ்ச் என்பது அங்கிருந்த எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கைக்கு மட்டும் அது தெரியாத மாதிரி இருந்தது.

பத்தாவது ஆட்டமோ பன்னிரண்டாவதோ. எல்லுக்குப் போன முள் அங்கேயே நின்றது. பருத்திமார் நொறுங்குகிற சத்தம் கேட்டது. கார் பள்ளத்தின் விளிம்பில் ஏறி, ஒரு நொடி யோசித்து, வெளியே வந்தது. வந்து, நிற்காமல், அதே நடையில், சேற்றைப் பிளந்துகொண்டு தன்பாட்டில் போக ஆரம்பித்தது.

நானும் முதலாளியும் நின்றுகொண்டே இருந்தோம்.

"அண்ணாச்சி, அவிய ஒங்கள விட்டுட்டுல்லா போறாவ" என்றார் சம்சாரி.

"நிறுத்துனா மறுபடியும் புதையும்வே. போவட்டும்! போவட்டும்!" என்று முதலாளி கையைத் தட்டிக் கத்தினார். கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பது வயசு மனிதர். நான் பின்னால் ஓடினேன். அரை மைல். அவரை நான் முந்தவில்லை. மரியாதைக்காக என்று அப்போது சொன்னேன், உண்மையில் முடியவில்லை.

கெட்டி ரோட்டில் கார் முனகிக்கொண்டு நின்றிருந்தது. முதலாளி முன்கதவைத் திறந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதனால் எனக்குக் கிடைத்த இடம் பின்சீட்டு, திரைக்குப் பின்னால். ஊருக்குள் கார் போனபோது, உள்ளே யாரோ பெரிய வீட்டுப் பெண் இருக்கிறாள் என்று திரை இடுக்கில் எட்டிப் பார்த்தவர்கள், என் மீசையைப் பார்த்துவிட்டு மிரண்டு போனார்கள். முன்னால் ஓட்டுவது யார் என்று பார்த்த பிறகு அவர்கள் வாயை மூடியதாகத் தெரியவில்லை.

தூத்துக்குடிக் கரையில் நாங்கள் போய் நிற்கும்போது, லாஞ்ச்சில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. வரிசையில் கடைசிக்கு முந்தின ஆளாகத் தம்பி நின்றார். ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினார். கறுப்புச் சேற்றில் குளித்த காரைப் பார்த்தார். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து, செருப்பில்லாமல் இறங்கின அக்காவைப் பார்த்தார்.

"லாத்தா!"

பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். சேறு ஒட்டிக் காய்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எந்தக் கியர்ல வந்தே?"

"எல்லாத்துலயும்."

முதலாளி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் கண்ணாடி இடித்த வீக்கம் இன்னும் வடியவில்லை. பக்கத்தில் போய், மைத்துனர் போட்டுவிட்டு வந்த பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு, "மச்சான், வண்டியில ஒரு கொறையும் இல்ல. நாந்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றார். மச்சான் அவரைக் கட்டிக்கொண்டார். லாஞ்ச்காரன் கத்தினான். பெட்டி ஏறியது, ஆள் ஏறியது.

லாஞ்ச் சின்னப் புள்ளியாகிற வரைக்கும் அந்த அம்மா கரையிலேயே நின்றார்கள். முதலாளி கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"முதலாளி, திரும்பிப் போவும்போது வண்டிய யாரு ஓட்டணும்?"

"ஓட்டத் தெரிஞ்சவ ஓட்டுவா, நீரு ஏறும்வே."